அத்தானுக்கு ஒரு ஜாக்கெட்!

"மாப்பிள்ளைக்கு எதுக்குல ஜாக்கெட்டு?"

அம்மா இப்படிக் கேட்டதும் அக்காவும் நானும் சிரித்துவிட்டோம். தென்காசிப் பக்கம் ஜாக்கெட் என்றால் ஒரே அர்த்தம்தான். சேலைக்கு மேட்சாகத் துணி எடுத்து, டெய்லர் அக்காவிடம் அளவு ஜாக்கெட்டோடு கொடுத்துவிட்டு, தீபாவளி வரைக்கும் நடையாய் நடப்பது. டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸுக்கு வடக்கே இருக்கிற ஒரு வீட்டின் அடுப்படியில், குக்கர் விசிலுக்குக் காத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு, அத்தான் வாங்கப் போகிற ஜாக்கெட் வேறு என்று புரியவைக்க இரண்டு நிமிஷம் ஆனது.

அது எதற்கான ஜாக்கெட் என்பதை மட்டும் நாங்கள் யாரும் சொல்லவில்லை.

அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். அம்மா ஆறு மாதம் இருப்பதாக ஏற்பாடு. தனியாக விமானம் ஏறப் பயந்ததால், துணைக்கு நான். ஆபீஸில் மூன்று வாரம் லீவு கேட்டபோது எடிட்டர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவனுக்கு மூன்று வாரம் என்பது மூன்று ஜென்மம். போன அக்டோபர் நடுவில் போய் இறங்கினோம்.

போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் ராத்திரி, அம்மா தூங்கிய பிறகு அத்தான் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். அலமாரியின் மேல்தட்டில் சின்ன இரும்புப் பெட்டி. நம்பர் அழுத்தினால் திறக்கிற ரகம். உள்ளே கறுப்பாக, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கைத்துப்பாக்கி. நான் அனிச்சையாகக் கையை நீட்டினேன்.

"தொடாத தம்பி. நீ விசிட்டர் விசா."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. வேட்டை லைசன்ஸ் போல சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி ஹெச்1பி-யில் இருக்கிற நம் ஐ.டி. பிள்ளைகளுக்கும் இதே தடைதான். அத்தான் பன்னிரண்டு வருஷம் வரிசையில் நின்று 2024-ல் கிரீன் கார்டு வாங்கியவர். அது கைக்கு வந்த நாலாவது மாதம் இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்திருக்கிறது.

"ஏன் அத்தான்?" என்று கேட்டேன்.

"ஆலன்" என்றார். அவ்வளவுதான்.

ஆலன் அவர்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிஷம். அங்கே பெரிய அவுட்லெட் மால் ஒன்று இருக்கிறது. ஊரிலிருந்து வருகிற அப்பா அம்மாக்களை நம் ஆட்கள் முதலில் கூட்டிப் போகிற இடங்களில் ஒன்று. 2023 மே 6, சனிக்கிழமை பிற்பகலில் ஒருவன் காரிலிருந்து இறங்கிச் சுட ஆரம்பித்தான். எட்டுப் பேர் செத்துப் போனார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். ஹைதராபாத்திலிருந்து வந்து இன்ஜினீயராக வேலை பார்த்த ஒரு பெண்ணும் இருந்தார். வேறு ஏதோ வேலையாக அங்கே வந்திருந்த போலீஸ்காரர் ஒருவர் ஓடிப் போய் அவனைச் சுட்டு வீழ்த்தினார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அக்காவும் அத்தானும் அதே மாலில் இருந்திருக்கிறார்கள். அக்காவுக்கு அப்போது எட்டு மாதம். பிறக்கப் போகிற பெரியவனுக்குத் துணி வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். சாப்பிட்டுப் படுத்து எழுந்து போனைப் பார்த்தால் நாற்பது மிஸ்டு கால். அதில் ஒன்று என்னுடையது. அன்றைக்கு டெஸ்க்கில் அந்தச் செய்தி வந்தபோது அது எந்த ஊர் என்றுகூட முதலில் நான் கவனிக்கவில்லை.

சரி, துப்பாக்கிக்கும் ஜாக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, இருபத்தொரு வயது நிரம்பி, சட்டப்படி தடை இல்லாதவர்கள் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லலாம். உறைக்குள் இருந்தால் வெளியே தெரிகிற மாதிரியே இடுப்பில் மாட்டிக்கொண்டு போகலாம். அத்தான் இருந்தும் லைசன்ஸ் வாங்கியிருக்கிறார். வகுப்பில் உட்கார்ந்து, கைரேகை கொடுத்து, 3 கெஜம், 7 கெஜம், 15 கெஜம் தூரத்தில் மொத்தம் 50 குண்டு சுட்டுக் காட்டி, 40 டாலர் கட்டணம் செலுத்தி.

"வெளிய தெரிஞ்சாலும் தப்பில்லன்னா அப்புறம் எதுக்கு மறைக்கணும்?"

அத்தான் தன் தாடியைத் தடவினார். "இந்த மூஞ்சிய பாரு. இந்தக் கலர பாரு. இடுப்புல துப்பாக்கி தெரியிற மாதிரி நான் மளிகைக் கடைக்குள்ள போனா, எத்தனை பேரு போலீஸுக்கு போன் போடுவான்? வர்ற போலீஸ்காரன் என்னை என்னன்னு நினைப்பான்? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். பாக்குற கண்ணு ஒண்ணு இல்ல."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2017 பிப்ரவரியில் கன்சாஸ் மாநிலம் ஓலேத்தில், வேலை முடிந்து நண்பரோடு உட்கார்ந்திருந்த ஹைதராபாத் இன்ஜினீயர் ஒருவரை, 'என் நாட்டை விட்டுப் போ' என்று கத்திவிட்டு ஒருவன் சுட்டுக் கொன்றது நமக்கெல்லாம் தெரியும். அவரிடம் எந்த ஆயுதமும் இல்லை. நிறம் மட்டும்தான் இருந்தது.

அக்காவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. துப்பாக்கி வந்ததிலிருந்தே வீட்டில் அந்தப் பேச்சு எடுத்தால் அவள் எழுந்து போய்விடுவாள். அதனால்தான் ஜாக்கெட் வாங்க என்னை அழைத்தார் அத்தான். "நீ ரிப்போர்ட்டர். கவனிக்கிற கண்ணு இருக்கும். நான் முன்னால நடக்குறேன், நீ பின்னால வந்து தெரியுதா இல்லையான்னு மட்டும் சொல்லு."

நான் சென்னையில் கவனிப்பது எந்தத் தலைப்புக்கு எத்தனை கிளிக் விழுகிறது என்பதைத்தான். அதைச் சொல்லவில்லை.

அந்த ஊர் வானிலையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் 12 டிகிரி செல்சியஸ், மதியம் 28. திடீரென்று வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால், கையில் காபியோடு வாசலில் நிற்கும்போதே குளிர் ஏறும். கோடையில் ஜாக்கெட் போட்டால் பைத்தியம் என்பார்கள். ஆனால் இலையுதிர் காலம், அவ்வளவாகக் கடுமையில்லாத அவர்கள் ஊர்க் குளிர்காலம், வசந்தம் மூன்றுக்கும் ஒரே ஜாக்கெட்டாக இருந்தால் வசதி. வெயில் ஏறினாலும் கழற்றாமல் இருக்க வேண்டும். கழற்றினால் இடுப்பில் இருப்பது தெரிந்துவிடும். அதனால் கனம் கூடாது. உள்ளே ஸ்வெட்டர் போட இடமும் வேண்டும். இதுதான் மூன்று பருவ ஜாக்கெட் கணக்கு.

கடையில் சட்டை மாற்றிப் பார்க்கிற இடத்தில் துப்பாக்கி வைத்துக்கொண்டு நிற்பது மடத்தனம் என்பதால், அதை வீட்டுப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். காலி உறையை வலது இடுப்பில், கொஞ்சம் பின்தள்ளி, பேன்ட்டுக்குள் செருகி, அதற்குள் அக்காவின் பழைய கண்ணாடி டப்பாவை வைத்துக்கொண்டார். கடிகாரத்தில் நாலு மணி இருக்கிற இடம் என்று அதற்குக் கணக்கு. தொப்புள் பன்னிரண்டு மணி. இப்படித்தான் கண்ணாடி டப்பாவை ரகசியமாகத் தாங்கிய ஒருவரும், அவர் பின்னால் இருபதடி தள்ளி அவர் இடுப்பையே முறைத்துக்கொண்டு ஒருவனுமாக ஆலன் மாலுக்குள் நுழைந்தோம். ஆமாம், அதே மால்தான். வேறு எங்காவது போகலாமே என்றேன். "இங்கதான் வாங்கணும்" என்றார்.

முதலில் எடுத்தது பாம்பர் ஜாக்கெட். பார்க்க ஜோர். இடுப்பில் ரப்பர் பட்டி இருக்கிறதே, அது இரண்டு எட்டு வைத்ததும் மேலே ஏறி, டப்பாவுக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. ஜீன்ஸ் துணி ஜாக்கெட் நீளமே பற்றவில்லை. உறையின் அடியிலிருந்து நாலு விரல் கீழே வரை துணி தொங்கினால்தான் கையைத் தூக்கும்போது தப்பிக்கலாம் என்று கண்டுபிடித்தோம். மழைக்குப் போடுகிற மெல்லிய நைலான் ஒன்று. வெளிர் சாம்பல் நிறம். காற்று அடித்ததும் உடம்போடு ஒட்டிக்கொண்டு டப்பாவின் மூலை வரைக்கும் அச்செடுத்தது. அங்கே இதற்கு 'பிரின்ட்' ஆவது என்றே பெயர். பத்திரிகைக்காரனுக்குப் பிடித்த வார்த்தை.

ஏகப்பட்ட பைகள் வைத்த காக்கி ஜாக்கெட் ஒன்றை நான் எடுத்துக் காட்டினேன். எங்கள் சீனியர் போட்டோகிராபர் போட்டிருப்பது மாதிரி. அத்தான் தலையாட்டினார். "இத போட்டா, 'என்கிட்ட துப்பாக்கி இருக்கு'ன்னு போர்டு மாட்டுன மாதிரி." மறைப்பதற்கென்றே செய்த மாதிரி தெரிகிற உடை எதையும் மறைக்காது. சாதாரணமாக, நாலு பேர் போடுகிற மாதிரி இருக்க வேண்டும்.

உள்துணியில் ஒரு சூட்சுமம் இருந்தது. கம்பளி மாதிரி சொரசொரப்பான உள்துணி இருந்தால் அது உறையின் மேல் மாட்டிக்கொண்டு, அப்படியே மேலே நிற்கிறது. வழவழப்பான உள்துணி வழுக்கி இறங்கிவிடுகிறது. ஜாக்கெட்டின் அடியோரத்தில் கொஞ்சம் கனம் இருந்தால் காற்றில் பறக்காது. "சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிற மாதிரியா?" என்றேன். அத்தானுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அன்று முழுக்க ஒவ்வொரு ஜாக்கெட்டையும் தூக்கி, "இதுக்கு ஃபால்ஸ் பத்தாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மேலே தட்டில் இருக்கிற ஷூ டப்பாவை எட்டி எடுக்கச் சொன்னேன். குனிந்து லேஸ் கட்டச் சொன்னேன். பார்க்கிங்கில் கார் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக் கழற்றச் சொன்னேன் என்றால் நம்ப மாட்டீர்கள். கடைப் பெண்ணிடம் கேட்டு, விலைச் சீட்டோடு வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. ஜிப் கீழிருந்தும் திறக்கிற மாதிரி இருந்தால் உட்காரும்போது அடிப்பக்கம் விரிந்து கொடுக்கிறது. உட்கார்ந்து எழுந்தால் சட்டையோடு சேர்ந்து சுருண்டுகொள்கிற ஜாக்கெட்டுகள்தான் பெரும்பாலும்.

இன்னொன்று. சில ஜாக்கெட்டுகளில் அடியோரத்தை இறுக்க நாடாவும், அதன் நுனியில் பிளாஸ்டிக் குமிழும் தொங்கும். அத்தான் அதைப் பார்த்ததுமே கீழே வைத்துவிட்டார். துப்பாக்கியைத் திரும்ப உறைக்குள் செருகும்போது அந்தக் குமிழ் விசைக்கு முன்னால் சிக்கிக்கொண்டால், தானாக வெடித்து இடுப்பிலோ தொடையிலோ பாயும். வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களாம். ஒரு பிளாஸ்டிக் குமிழ். அதைக் கேட்டபிறகு என்னால் அந்தக் கண்ணாடி டப்பாவைப் பழைய மாதிரி பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

கடைசியில் கிடைத்தது கெட்டியான பருத்தி கான்வாஸில், சட்டை மாதிரி காலர் வைத்த, பழுப்பு நிற ஜாக்கெட். தொடை வரைக்கும் நீளம். உள்ளே வழவழப்பான துணி. முன்பக்கம் டிச் பட்டன். கட்டட வேலைக்காரர்களும் போடுகிறார்கள், கல்லூரிப் பிள்ளைகளும் போடுகிறார்கள். முன்னால் நடந்தார், திரும்பினார், காற்றுக்கு எதிராக நின்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை.

"தெரியுதா?"

"தெரியல அத்தான்."

சந்தோஷமாகப் பணம் கட்டப் போனவர், வரிசையில் நிற்கும்போது சொன்னார். "இது வெளிய போக. வீட்ல இன்னொண்ணு வந்திருக்கு, ஆன்லைன்ல ஆர்டர் பண்ணேன். உள்பக்கமே துப்பாக்கிக்குன்னு பை வெச்சுத் தச்சிருக்கான். உறையே வேண்டாம். சூப்பர் ஐடியா இல்ல?"

எனக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன் டெஸ்க்கில் ஒரு தொகுப்புக்காகப் படித்த பழைய செய்தி. சொல்வதா வேண்டாமா என்று பார்க்கிங் வரைக்கும் யோசித்தேன். வயதில் சின்னவன். மச்சினன். மூன்று வாரம் சோறு தின்ன வந்தவன். அவர் வீடு, அவர் நாடு, அவர் பயம். காரில் ஏறி பெல்ட் போட்டபிறகு சொன்னேன்.

2014 டிசம்பர் 30. ஐடாஹோ மாநிலத்தில் ஹேடன் என்கிற சின்ன ஊர். இருபத்தொன்பது வயது அம்மா ஒருவர், இரண்டு வயது மகனைத் தள்ளுவண்டிக் கூடையில் உட்காரவைத்து சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். லைசன்ஸ் உள்ளவர். துப்பாக்கி சுடத் தெரிந்தவர். கைப்பையில், துப்பாக்கிக்கென்றே ஜிப் வைத்துத் தைத்த அறையில் அது இருந்தது. அந்தப் பை கிறிஸ்துமஸ் பரிசாக வந்தது. பிள்ளை ஜிப்பைத் திறந்துவிட்டான். ஒரே குண்டு. அம்மா அங்கேயே இறந்துபோனார்.

அத்தான் காரை ஸ்டார்ட் பண்ணவில்லை.

"பை உடம்புல இல்ல அத்தான். அதான் விஷயம். ஜாக்கெட்டும் அப்படித்தான். ஒரு வீட்டுக்குப் போனா, கழட்டி சேர்ல போடுவீங்க."

பெரியவனுக்கு இரண்டு வயது நாலு மாதம். அவன் பொழுதுபோக்கே வீட்டுக்கு வருகிறவர்களின் பைகளைக் குடைவதுதான். வந்த அன்றைக்கு என் பையிலிருந்து கடலைமிட்டாய் மொத்தத்தையும் எடுத்துவிட்டான்.

"நான் கழட்ட மாட்டேன்" என்றார் அத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "கழட்டுவேன்ல" என்றார், தனக்குத்தானே.

வீட்டுக்கு வந்து புது ஜாக்கெட்டோடு உள்ளே நுழைந்ததும் பெரியவன் ஓடி வந்தான். அத்தான் வழக்கம்போலத் தூக்கி வலது இடுப்பில் வைத்தார். கண்ணாடி டப்பா இன்னும் உறைக்குள்ளேயே இருந்தது. குழந்தையின் குதிகால் சரியாக அந்த நாலு மணி இடத்தில் போய் இடித்தது. அவன் அதை உதைத்து உதைத்துப் பார்த்தான். 'டக் டக்' என்று சத்தம். அவனுக்கு ஒரே குஷி. காலை நாலு விதமாக மாற்றி உதைத்தான்.

இருபதடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு நான் கண்டுபிடிக்க முடியாததை, அவன் இரண்டே விநாடியில் கண்டுபிடித்துவிட்டான். அக்கா படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று ராத்திரி அவர்கள் அறையில் வெகு நேரம் பேச்சுக்குரல் கேட்டது. சண்டை மாதிரி இல்லை. காலையில் ஆன்லைன் ஜாக்கெட் திருப்பி அனுப்புகிற பெட்டிக்குள் போயிருந்தது. மிச்சத்தை அக்கா சொன்னாள். பிள்ளைகள் கூட இருக்கும்போது எடுப்பதில்லை. தனியாகப் போகும்போது எடுத்தால், இடுப்பில் உறைக்குள், அல்லது பூட்டிய பெட்டியில். நடுவில் வேறு இடம் கிடையாது. பெட்டியின் நம்பரை மாற்றியாகிவிட்டது. பிள்ளை கைக்கு எட்டுகிற மாதிரி தோட்டா போட்ட துப்பாக்கியை வைப்பது டெக்சாஸிலும் குற்றம்தான் என்று அவளே படித்து வைத்திருந்தாள்.

"உனக்குச் சம்மதமா?" என்றேன்.

"இல்ல" என்றாள். "ஆனா அந்த சனிக்கிழமை அவர் மூஞ்சிய நீ பாக்கலல்ல."

யார் பக்கம் என்று என்னால் முடிவு பண்ண முடியவில்லை. எங்கள் தாத்தாவிடம் ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது, மலையடிவாரத் தோட்டத்துக்குப் பன்றி வராமல் இருக்க. லைசன்ஸ் உண்டு. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வாங்கி வருவார். அந்தப் பயணத்தில் வேடிக்கைக்குக் கூடவே போன சின்னப் பையன் நான். அதற்கு மேல் எனக்குத் துப்பாக்கியைப் பற்றி எதுவும் தெரியாது. பயந்துபோன ஒரு அப்பாவிடம், உங்களுக்குப் பயம் தேவையில்லை என்று சொல்ல அந்த அனுபவம் போதாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். ஆறு மாதம் அந்த வீட்டில் இருக்கப் போகிறவளுக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை என்று தோன்றியது.

"மாடி அலமாரில இருக்குற பெட்டியா?" என்றாள் அம்மா, வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல். "வந்த மூணாம் நாளே தூசி தட்டும்போது பாத்தாச்சு. உங்க அக்காகிட்ட கேட்டேன், அழுதுட்டா. பிள்ளை பெத்த உடம்பு, அழ வைக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன். பெரியவன் மாடிப்படி பக்கமே போகாம நான் பாத்துக்கிடுதேன்."

"பயமா இல்லையாம்மா?"

"உங்க தாத்தா வீட்டுலதானே பிறந்தேன். துப்பாக்கிக்குப் பயமில்ல. மாப்பிள்ளை ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு வாசக்கதவு பூட்டியிருக்கான்னு பாக்காவோ தெரியுமா? அதுதான் ஒருமாதிரியா இருக்கு."

அன்று சாயங்காலம் வடக்குக் காற்று இறங்கியது. மதியம் பனியனோடு நின்ற ஊர், ஆறு மணிக்கு நடுங்கியது. அம்மா தோட்டத்தில் காயப்போட்டிருந்த பிள்ளைத் துணிகளை எடுக்க வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பி, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அத்தானின் பழுப்பு ஜாக்கெட்டைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு வெளியே போனாள். தொடை வரைக்கும் இருக்க வேண்டியது அவளுக்கு முழங்கால் வரைக்கும் வந்தது. திரும்பி வந்தும் கழற்றவில்லை.

"நல்ல கெட்டி ஜாக்கெட்டாத்தான் வாங்கியிருக்கீங்க" என்று அத்தானிடம் சொல்லிக்கொண்டே உள்பக்கம் கையை விட்டுத் துழாவினாள். உள்ளே சின்னதாக ஒரு பை இருந்தது. நாங்கள் அத்தனை சோதனை செய்தும் கவனிக்காத பை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து அதற்குள் போட்டு, மேலே தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"வெளிய தெரியுதாய்யா?" என்று கேட்டாள் என்னிடம்.